படத்தில் நுழைந்த இடைச்செருகல்: பொய்ப்படங்களைக் கண்டறிந்த கதை

கணினி வந்த பிறகுதான் ஒளிப்படம் பொய் சொல்லக் கற்றுக்கொண்டது என்றோர் எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. வரலாற்றைப் புரட்டினால் அந்த எண்ணம் நிலைப்பதில்லை. 1839-இல் பாரிஸில் தாகேரின் படமெடுக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பிரெஞ்சு அரசு அவருக்கு ஓய்வூதியம் அளித்துச் சிறப்பித்தது. ஏறத்தாழ அதே காலத்தில் காகிதத்தின் மேல் நேரடியாகப் படம் பதிக்கும் வேறொரு முறையைக் கண்டவர் இப்போலித் பயார். அவரை அரசு உரியவாறு மதிக்கவில்லை. 1840 அக்டோபரில் அவர் தம்மையே ஒரு படம் எடுத்துக்கொண்டார். மேலாடை இல்லாத உடல், மூடிய கண்கள், சாய்ந்து கிடக்கும் தலை. புறக்கணிப்பைத் தாங்க மாட்டாமல் நீரில் மூழ்கி மாண்டவனின் பிணம் இது என்ற பொருள்பட, படத்தின் பின்புறத்தில் ஒரு குறிப்பும் எழுதிவைத்தார். அந்தப் 'பிணம்' அதற்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்து 1887-இல்தான் மறைந்தது.

பயாரின் படத்தில் ஒரு கீறல் கூடத் திருத்தப்படவில்லை. பொய் முழுவதும் படக்கருவிக்கு முன்னால் நடந்த நடிப்பிலும், படத்துக்குப் பின்னால் எழுதிய குறிப்பிலும் இருக்கிறது. இதை ஒருவகை என்று கொள்வோம். எடுத்து முடித்த படத்தில் கைவைத்து, இல்லாததைச் சேர்ப்பதும் இருந்ததை அகற்றுவதும் இன்னொரு வகை. நமக்குப் பழகிய சொல்லால் கூறுவதானால் இது இடைச்செருகல். இவ்விரண்டாம் வகையைக் கண்டறிய மனிதர் செய்த முயற்சிகளின் வரலாறே இக்கட்டுரையின் பொருள். முதல் வகையும் இடையிடையே எதிர்ப்பட்டு நம்மைத் தடுமாற வைக்கும்.

நீதிமன்றத்தில் ஓர் ஆவி

ஒட்டுப்படம் தொடக்கத்தில் ஒரு கலையாகவே வளர்ந்தது. 1857-இல் ஆஸ்கார் ரைலாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரே பெரும்படம் செய்தார். அடுத்த ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்து, நோயுற்று இறக்கும் ஒரு பெண்ணின் படத்தை உருவாக்கினார். எவரையும் ஏய்ப்பது அவர்கள் நோக்கமன்று.

ஏய்ப்பு என்ற குற்றச்சாட்டோடு இக்கலை நீதிமன்றம் ஏறியது 1869-இல், நியூயார்க் நகரில். வில்லியம் மம்ளர் என்பவர், படமெடுத்துக்கொள்ள வந்தவரின் பின்னால் இறந்துபோன உறவினரின் மங்கலான உருவம் தோன்றும்படி படங்கள் எடுத்து விற்றுவந்தார். உள்நாட்டுப் போரில் மக்களை இழந்த வீடுகள் நிறைந்திருந்த காலம் அது. வழக்கு விசாரணையில் ஒளிப்படக் கலைஞர்கள் வரிசையாக வந்து, இத்தகைய உருவத்தை இன்னின்ன வழிகளில் உண்டாக்கலாம் என்று விளக்கினர். ஆபிரகாம் போகார்டஸ் என்ற படக்கலைஞர், சர்க்கஸ் புகழ் பார்னமின் பின்னால் ஆபிரகாம் லிங்கனின் ஆவி நிற்பதுபோல் ஒரு படமே செய்து காட்டினார். எனினும் மம்ளர் விடுவிக்கப்பட்டார். இப்படிச் செய்ய முடியும் என்று சாட்சிகள் நிறுவினார்களேயன்றி, மம்ளர் இப்படித்தான் செய்தார் என்று எவராலும் நிறுவ முடியவில்லை.

இந்தத் தீர்ப்பு நம் கவனத்துக்கு உரியது. 'பொய்யாக இருக்கக்கூடும்' என்பதற்கும் 'இது பொய்' என்பதற்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது. பின்வந்த கருவிகள் அனைத்தும் அந்தப் பள்ளத்தைத் தாண்டத்தான் முயன்றன.

இங்கிலாந்தில் காட்டிங்லி என்ற ஊரில் இரு சிறுமியர் 1917-இல் எடுத்த தேவதைப் படங்கள் வேறொரு பாடம் கற்பித்தன. நெகட்டிவை ஆராய்ந்த வல்லுநர் ஒருவர் அதில் கைவைக்கப்படவில்லை என்று சொன்னார். அவர் சொன்னது சரியே. காகிதத்தில் வரைந்து வெட்டிய உருவங்களைத் தொப்பி ஊசிகளால் புல்லில் நிறுத்திப் படமெடுத்திருந்தனர் அச்சிறுமியர். துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் அவற்றை நம்பி, 1920-இல் ஸ்ட்ராண்ட் இதழில் கட்டுரை எழுதினார். உண்மை முழுதும் வெளிப்பட்டது 1983-இல், இருவரும் முதுமை எய்திய பின். நெகட்டிவ் மெய்யாக இருந்தும் காட்சி பொய்யாக இருந்தது. பயாரின் வகை இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது.

கறுப்பு மை

இவை விளையாட்டாகவும் சில்லறை வணிகமாகவும் நடந்தவை. அரசு இதைக் கையிலெடுத்தபோது என்ன ஆயிற்று என்பதை சோவியத் ஒன்றியத்தின் கதை சொல்கிறது. 1920 மே 5 அன்று மாஸ்கோவில் மரமேடை மீது நின்று லெனின் உரையாற்றும் படத்தில், மேடைப் படியருகே டிராட்ஸ்கி நின்றிருந்தார். பின்னாளில் வெளியான படங்களில் அவர் இல்லை. மாஸ்கோ-வோல்கா கால்வாய்க் கரையில் ஸ்டாலினை ஒட்டி நின்றவர் இரகசியக் காவல்துறைத் தலைவர் யெஷோவ். 1940-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். படத்தில் அவர் நின்ற இடத்தைக் கால்வாய் நீர் நிரப்பிக்கொண்டது.

டேவிட் கிங் என்ற ஆங்கிலேயர் இத்தகைய படங்களைப் பல ஆண்டுகள் தேடித் திரட்டி, 1997-இல் நூலாக வெளியிட்டார். அவர் கண்டவற்றுள் நம்மை உறைய வைப்பது ஒரு தனிமனிதரின் புத்தகப் பிரதி. புகழ்பெற்ற வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் ரோட்சென்கோ, உஸ்பெகிஸ்தான் குடியரசின் பத்தாண்டு நிறைவுக்காக 1934-இல் ஒரு படத்தொகுப்பு நூலை வடிவமைத்திருந்தார். மூன்றாண்டுகள் கழித்து அக்குடியரசின் தலைவர்கள் பலர் களையெடுப்புக்கு இரையாயினர். அவர்கள் முகம் உள்ள நூலை வைத்திருப்பதே ஆபத்து என்றாயிற்று. ரோட்சென்கோ, தாமே அழகுற அமைத்த நூலில், அந்த முகங்கள் மீது தம் கையாலேயே கறுப்பு மையைப் பூசினார். 1984-இல் மாஸ்கோவில் அவருடைய பணிக்கூடத்தில் கிங் அந்தப் பிரதியைக் கண்டார்.

கிங் எந்த நுட்பக் கருவியையும் பயன்படுத்தவில்லை. அவருடைய முறை பழைய சுவடிப் பதிப்பாளரின் முறை: பல பிரதிகளைத் தேடு, ஒன்றோடொன்று ஒப்பிடு, வேறுபாட்டைக் குறி. நம் பதிப்பாசிரியர்கள் கம்பராமாயணத்தின் மிகைப்பாடல்களைப் பிரித்துத் தனியே வைத்ததும் இவ்வழியில்தான். ஆனால் இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: எங்கேனும் ஒரு மூலப்படி அழியாமல் இருந்தாக வேண்டும்.

கண் பிடித்த பிழைகள்

1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ், அட்டையின் நீளவாக்குக்குப் பொருந்துமாறு கீஸா பிரமிடுகளைக் கணினியால் நெருக்கிவைத்தது. அன்று அதற்குப் பெருஞ்செலவு பிடிக்கும் எந்திரங்கள் தேவைப்பட்டன. 1990-இல் ஃபோட்டோஷாப் விற்பனைக்கு வந்தது. அதன்பின் அது மேசைக் கணினி வைத்திருந்த எவருக்கும் இயல்வதாயிற்று.

அடுத்த இருபதாண்டுகளில் பிடிபட்ட பெரும் மோசடிகளைப் பிடித்தது மனிதக் கண்தான். 2003 மார்ச் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் முதற்பக்கத்தில், ஈராக்கின் பாஸ்ராவில் ஒரு பிரிட்டானியப் படைவீரர் மக்களுக்குக் கை காட்டி ஏதோ சொல்லும் படம் வந்தது. பின்னணியில் இருந்த சிலர் இருமுறை தோன்றுவதை இன்னொரு செய்தித்தாளின் பணியாளர் கவனித்தார். இரு படங்களை ஒன்றாக்கியதை ஒப்புக்கொண்ட படக்கலைஞர் பிரையன் வால்ஸ்கி வேலை இழந்தார். 2006 ஆகஸ்டில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட பெய்ரூட் குண்டுவீச்சுப் படத்தில் புகைச் சுருள்கள் அச்சில் வார்த்ததுபோல் ஒரே வடிவில் திரும்பத் திரும்ப வந்தன. வலைப்பதிவர்கள் அதைச் சுட்டிக்காட்டினர். அந்தப் படக்கலைஞரின் 920 படங்களையும் நிறுவனம் விலக்கிக்கொண்டது. 2008 ஜூலையில் ஈரான் நான்கு ஏவுகணைகளை ஒருசேர ஏவியதாகக் காட்டிய படம் உலகின் பல நாளிதழ்களில் முதற்பக்கம் ஏறியது. அதில் ஒன்று மற்றவற்றின் துண்டுகளை ஒட்டிச் செய்தது.

மூன்றிலும் பிடிகொடுத்தது ஒன்றே: திரும்ப வருதல். இயற்கை எதையும் அப்படியே இருமுறை எழுதுவதில்லை. அச்சிடும் நிலையில் ஒட்டியவரின் சோம்பலே அவரைக் காட்டிக் கொடுத்தது. சோம்பல் இல்லாத மோசடிக்காரரைப் பிடிக்கக் கண் போதாது.

படத்தின் யாப்பு

இவ்விடத்தில்தான் கணிதம் உள்ளே வருகிறது. அதன் அடிப்படையை நம் துறைச் சொல்லால் விளக்கலாம். ஒரு வெண்பாவில் யாரோ ஓர் அடியை மாற்றிவிட்டால், பொருள் சரியாகவே ஓடினாலும் தளை தட்டும். பொருளை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது. அசை பிரித்துப் பார்ப்பவருக்குத் தெரியும். எண்மப் படத்துக்கும் அப்படியொரு யாப்பு உண்டு.

படக்கருவியின் உணரியில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரே நிறத்தைத்தான் அளக்கிறது. இந்த ஏற்பாட்டுக்குக் கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்றார். எஞ்சிய இரு நிறங்களையும் அண்டைப் புள்ளிகளிலிருந்து கருவி கணக்கிட்டு நிரப்புகிறது. ஆகவே நாம் பார்க்கும் வண்ணப் படத்தில் மூன்றில் இரு பங்கு கணக்கால் வந்தது. அந்தக் கணக்குக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வேறொரு துண்டை ஒட்டினால் அவ்விடத்தில் ஒழுங்கு முறியும். துண்டைப் பெரிதாக்கியோ சுழற்றியோ ஒட்டினால், அதற்கே உரிய புதியதோர் ஒழுங்கு படியும். டார்ட்மவுத் கல்லூரியைச் சேர்ந்த ஆலின் போபெஸ்குவும் ஹனி ஃபரீதும் 2005-இல் வெளியிட்ட ஆய்வுகள் இவ்விரு தடயங்களையும் எண்ணால் அளக்க வழிகாட்டின.

இன்னொரு தடயம் கருவியின் கைரேகை போன்றது. உணரியின் புள்ளிகள் அனைத்தும் ஒளியை ஒரே அளவில் ஏற்பதில்லை. சிலிக்கானில் உள்ள நுண்ணிய வேறுபாடுகளால் ஒவ்வொன்றும் சிறிது கூடியோ குறைந்தோ ஏற்கும். அக்கருவி எடுக்கும் எல்லாப் படங்களிலும் இந்த மாறாத இரைச்சல் படிகிறது. ஒட்டிய இடத்தில் மட்டும் அது காணாமற்போகும். பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஃப்ரிட்ரிச்சும் அவர் குழுவினரும் 2006-இல் இதை நிறுவினர். ரூபிக் கனசதுரத்தை விரைந்து தீர்க்கும் முறையால் விளையாட்டு உலகிலும் பெயர் பெற்றவர் இவர். ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால் உண்டாகும் கட்ட வரிசையும், ஒட்டிய துண்டில் விலகிக் காட்டிக் கொடுக்கும்.

இம்முறைகள் ஒவ்வொன்றும் ஒரு வகைத் திருத்தத்துக்கே உரியவை. இன்ன மோசடி என்று முன்பே ஊகித்தால்தான் இன்ன கணக்கைப் போட முடியும்.

சிறிய எந்திரத்தின் வருகை

2012-இல் அலெக்ஸ்நெட் என்ற நரம்பணு வலை, படத்தில் இருப்பதைக் கண்டு சொல்லும் போட்டியில் பெருவெற்றி பெற்றது. அதில் ஏறத்தாழ 6 கோடி எடை எண்கள் இருந்தன. விதியை நாம் எழுதித் தருவதற்கு மாறாக, எடுத்துக்காட்டுகளைக் கொடுத்தால் விதியை வலையே கற்றுக்கொள்ளும் என்பது இதன் சிறப்பு. இதையே பொய்ப்படத்துக்கும் பயன்படுத்த முனைந்தபோது ஓர் இடர் எழுந்தது. இந்த வலைகள் படத்தின் பொருளைக் கற்றுக்கொண்டனவேயன்றி யாப்பைக் கற்கவில்லை. பூனையா நாயா என்று அறிய வேண்டிய வலைக்கு இரைச்சல் ஒரு தொல்லை. மோசடியைத் தேடுபவருக்கோ இரைச்சலே சான்று. போதாக்குறைக்கு, வலைக்குள் நுழையுமுன் படத்தைச் சிறிதாக்குவது வழக்கம். அந்தச் சிறிதாக்கலே தடயத்தில் பெரும்பகுதியை அழித்துவிடுகிறது.

டிரெக்சல் பல்கலைக்கழகத்தின் பெல்ஹாசென் பாயாரும் மாத்யூ ஸ்டாமும் 2016-இல் கூறிய தீர்வு எளிமையானது. வலையின் முதல் அடுக்குக்கு ஒரு கட்டுப்பாடு விதித்தனர். நடுப்புள்ளியின் எடை கழித்தல் 1. சுற்றியுள்ள புள்ளிகளின் எடைகளைக் கூட்டினால் 1 வர வேண்டும். அதாவது, அண்டையிலிருந்து நடுப்புள்ளியை ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் உள்ளே அனுப்பு. பொருள் வெளியே நின்றுவிடும். யாப்பு மட்டும் உள்ளே செல்லும்.

இத்துடன் இன்னொரு ஓட்டமும் வந்து கலந்தது. பெரிய வலைகளைக் கைப்பேசியில் ஓட்ட முடியாது. 2014-இல் வந்த விஜிஜி-16 என்ற வலையின் 13.8 கோடி எடை எண்களைச் சேமிக்கவே 550 மெகாபைட் வேண்டும். 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட மொபைல்நெட் இதைத் தணித்தது. அதன் உத்தியைச் சிறு கணக்கால் காணலாம். 32 அடுக்குகளை வாங்கி 64 அடுக்குகளைத் தரும் 3×3 அளவிலான ஒரு கன்வல்யூஷனுக்கு 18,432 எடைகள் தேவை. அதையே இரண்டாகப் பிரித்து, முதலில் ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே வடிகட்டினால் 288 எடைகள், பிறகு அவற்றைக் கலக்க 2,048 எடைகள், மொத்தம் 2,336. வேலை ஏறக்குறைய எட்டில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது.

மோசடியைக் கண்டறியும் வலை இன்னும் சிறிதாக இருக்க முடியும் என்று 2018-இல் காட்டியது மெசோநெட். பிரான்ஸ், ஜப்பான் ஆய்வாளர்கள் சேர்ந்து உருவாக்கிய அதன் ஒரு வடிவத்தில் எடை எண்கள் 27,977 மட்டுமே; சேமித்தால் ஏறத்தாழ 110 கிலோபைட். 2017-இன் இறுதியில் பரவத் தொடங்கிய டீப்ஃபேக் முகமாற்றுக் காணொளிகளுக்காக அது செய்யப்பட்டது. காணொளிச் சுருக்கத்தில் நுண்ணிய இரைச்சல் அழிந்துவிடும். முகத்தின் முழுப் பொருளோ ஏமாற்றக்கூடியது. எனவே இரண்டுக்கும் நடுவே உள்ள அளவில் தேடுவோம் என்று முடிவுசெய்து, 'நடு' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லையே அதன் பெயரில் வைத்தனர். தாங்கள் சோதித்த டீப்ஃபேக்குகளில் 98 விழுக்காட்டுக்கு மேல் பிடித்ததாக அறிவித்தனர்.

பொய்யென்று சொல்லும் அதிகாரம்

எண் கவர்ச்சியானது, அதன் எல்லையை அறிவது அவசியம். ஃபேஸ்புக் நடத்திய டீப்ஃபேக் போட்டியின் முடிவு 2020-இல் வந்தது. போட்டியாளருக்கு அறிமுகமான வகைக் காணொளிகளில் முதல்நிலை பெற்ற வலை 82 விழுக்காட்டுக்கு மேல் சரியாகச் சொன்னது; முன்பு காணாதவற்றில் முதல்நிலை பெற்ற வலையோ 65 விழுக்காடுதான் சரியாகச் சொன்னது. கற்ற மோசடியை எந்திரம் அறியும். கல்லாத மோசடியில் அது திணறும். செய்திப் பகிர்வுச் செயலிகளோ ஒவ்வொரு முறையும் படத்தைச் சிறிதாக்கி, மறுபடி சுருக்கி அனுப்புகின்றன. கைமாறக் கைமாற யாப்பு தேய்கிறது. எழுத்தில் கட்டளையிட்டால் முழுப் படத்தையும் வரைந்து தரும் மென்பொருள்கள் பரவிய 2022-க்குப் பிறகு, ஒட்டிய விளிம்பே இல்லாத பொய்கள் வந்துவிட்டன.

இதனினும் பெரிய ஆபத்து வேறொன்று. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 10,000 படங்களில் 100 மட்டும் பொய் என்று கொள்வோம். நம் கையில் உள்ள வலை, மெய்யிலும் பொய்யிலும் நூற்றுக்கு 95 முறை சரியாகச் சொல்வது என்றும் வைத்துக்கொள்வோம். அது 95 பொய்களைப் பிடிக்கும். எஞ்சிய 9,900 மெய்ப்படங்களில் 495-ஐயும் பொய்யென்று சொல்லும். குற்றம் சாட்டப்பட்ட 590 படங்களில் ஆறில் ஐந்து பங்கு நிரபராதிகள்! அவற்றுள் ஒன்று, காவல் நிலையத்தில் அடிபட்டவரின் உடற்காயத்தைக் காட்டும் படமாக இருக்கலாம்.

2018 அக்டோபரில் காபோன் நாட்டின் அதிபர் அலி போங்கோ வெளிநாட்டில் நோயுற்றார். மாதக்கணக்கில் அவரைக் காணாத மக்களுக்குப் புத்தாண்டு உரையாக ஒரு காணொளி காட்டப்பட்டது. அசைவு குறைந்த அந்த முகத்தைக் கண்டு, இது டீப்ஃபேக் என்று எதிர்த்தரப்பினர் சிலர் கூறினர். 2019 ஜனவரி 7 அன்று படைவீரர் சிலர், அவ்வுரை அதிபரின் திறன்மீது தங்களுக்கு இருந்த ஐயத்தை உறுதிப்படுத்தியது என்று கூறி ஆட்சியைக் கைப்பற்ற முயன்று தோற்றனர். காணொளியை ஆராய்ந்தவர்கள் அதில் மோசடிக்கான தெளிவான சான்று எதையும் காணவில்லை. பொய்யைச் செய்ய முடியும் என்ற செய்தி பரவினாலே போதும், மெய்யும் ஐயத்துக்கு உள்ளாகிவிடும். 1869-இன் நீதிமன்றத்தில் இருந்த அதே பள்ளம். ஆனால் இம்முறை தலைகீழாக.

ஆகவே 110 கிலோபைட் எந்திரத்தை நாம் எப்படி மதிப்பது? கறுப்பு மை பூசிய காலத்தில், படத்தைத் திருத்தும் வசதியும் மூலத்தைப் பூட்டிவைக்கும் வசதியும் அரசிடமே இருந்தன. இன்று சோதிக்கும் கருவி ஓர் ஊர் நிருபரின் கைப்பேசியில், இணைய இணைப்புகூட இல்லாமல், எவர் அனுமதியும் கேளாமல் ஓடக்கூடும். படத்தைத் தொலைவிலுள்ள எந்த நிறுவனத்தின் கணினிக்கும் அனுப்ப வேண்டியதில்லை. சிறுமையின் பெருமை இதுவே. ஆனால் அது தருவது ஐயம் கொள்ள ஒரு காரணம் மட்டுமே. தளை தட்டுகிறது என்று கண்ட பதிப்பாசிரியர் உடனே பாடலை நீக்கிவிடுவதில்லை. வேறு பிரதிகளைத் தேடுகிறார், பழைய உரைகளைப் பார்க்கிறார், ஏடெழுதியவரின் கைப்பிழையோ என்றும் எண்ணிப் பார்க்கிறார்.

டேவிட் கிங்குக்கு வெற்றி தந்தது எங்கோ ஓர் அலமாரியில் எரிக்கப்படாமல் தப்பிய பழைய படி. இன்று எடுக்கும் படத்தின் மூலக் கோப்பைச் சுருக்காமல், எடுத்த நாளும் இடமும் எடுத்தவர் பெயரும் குறித்துச் சேமித்து வைப்பவரே நாளைய வழக்குக்குச் சாட்சி தருகிறார். எந்திரம் எத்தனை கூர்மை பெற்றாலும் அந்த வேலை மனிதருடையதாகவே இருக்கும்.